நூறிலிருந்து ஏழு ஏழாக

ஆஸ்பத்திரியின் துணி அறையில் எல்லாமே டஜன் கணக்கு. படுக்கை விரிப்பு பன்னிரண்டு, தலையணை உறை பன்னிரண்டு, அறுவை அறைப் பச்சைத் துணி பன்னிரண்டு என்று கட்டி அடுக்கினால்தான் மேலே வார்டுக்கு ஏறும். இருபத்திரண்டு வருஷமாக அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி திடீரென்று ஒருநாள், விரிப்பை மடித்துக்கொண்டே, "நூறு, தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு" என்று முனக ஆரம்பித்தால் கூட வேலை செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்னடி, தலைகீழா எண்ணுற? கப்பல்லேர்ந்து வீட்டுக்காரர் வர்ற நாளையா?" என்றாள் இஸ்திரி மிஷின்காரி.

"அவர் வர்றதுக்கு நூறு நாள் எல்லாம் பத்தாது."

"ஏழு ஏழாக் குறைக்கிறா பாருங்க. இனிமே இவ பேரு ஏழம்மா."

பேர் ஒட்டிக்கொண்டது. ஏன் எண்ணுகிறாள் என்பதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

விஷயம் இதுதான். மூன்றாவது மாடியில், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ரெய்கி என்று கையை வைத்து சக்தி கொடுப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே வலியைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு, பதினெட்டு வருஷம் அதையே தொழிலாகச் செய்துவரும் ரெய்கி டீச்சர் கை வைப்பார். இரண்டாவது கூட்டத்துக்கு, ரெய்கி என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தர் டீச்சரைப் போலவே கை வைப்பார். மூன்றாவது கூட்டம் திரை போட்ட அறையில் சும்மா படுத்திருக்கும். வந்த கை அசலா நகலா என்பது நோயாளிக்கும் தெரியாது, வலி எவ்வளவு என்று கேட்டு எழுதும் நர்சுக்கும் தெரியாது. யாருக்கு எந்தக் கை என்று எழுதி மூடிய உறையைப் பிரிக்கிற நாள்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது.

நகல் கை ஏழம்மாவுடையது.

"ஏன் டாக்டர், நான்?" என்று கேட்டாள்.

"உங்க முகத்தப் பாத்தா சாந்தமா இருக்கு. அதோட நீங்க கீழயே இருக்கீங்க, வார்டுல ஒருத்தருக்கும் உங்களத் தெரியாது," என்றார் ஆய்வு டாக்டரம்மா. நாற்பது வயதுக்காரர், கழுத்தில் எப்போதும் இரண்டு பேனா தொங்கும், பாதி பேச்சில் கடிகாரத்தைப் பார்ப்பார். சாந்தமான முகம் என்று ஏழம்மாவை அதுவரை யாரும் சொன்னதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

டீச்சரே அவளுக்குப் பயிற்சி கொடுத்தார். தலை உச்சி, கண், காது, கழுத்து என்று பாதம்வரை பன்னிரண்டு இடம், இடத்துக்கு இரண்டு நிமிஷம். கை இறகு மாதிரி இறங்க வேண்டும், எடுக்கும்போது தெரியவே கூடாது. துணி மடித்துப் பழகிய கைக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

"இந்தம்மா கை வைக்கிறப்ப, பாவம் இவருக்கு வலி போகட்டும்னு மனசுல நெனைச்சாப் போதும். அதுவே சக்தியாப் போயிடும். அப்புறம் அது நகல் இல்ல," என்றார் டீச்சர்.

டாக்டரம்மா நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி. அப்ப மனசுக்கு ஒரு பூட்டுப் போடுவோம். நூறுலேர்ந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கிட்டே வாங்க. ரெண்டுல வந்து நிக்கும். திரும்ப நூறு. கை எடுக்கிறவரைக்கும் வேற எதையும் நெனைக்காதீங்க."

அதுதான் அந்த முனகல்.

முதல் நோயாளி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கால் கட்டோடு, கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பத்துக்கு எவ்வளவு வலி என்று நர்ஸ் கேட்டதற்கு, "பதினொண்ணு போடும்மா" என்றார். ஏழம்மா கையை வைத்தாள். எண்பத்தாறுக்கு அப்புறம் எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா என்று திணறியதில் புருவம் சுருங்கியது. உதடு லேசாக அசைந்தது. வியர்த்தது. இருபத்திநாலு நிமிஷம் முடிந்து நர்ஸ் மறுபடி கேட்டபோது, "அஞ்சு" என்றார் கண்டக்டர். கண்ணில் தண்ணீர்.

"தாயே, எனக்காக எவ்ளோ கஷ்டப்பட்டு மந்திரம் சொன்னீங்க! கையா அது, ஹீட்டர் மாதிரி இருந்துச்சு."

அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில், வருகிற கை போலியாகவும் இருக்கலாம் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. ஏழம்மாவுக்குத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவதைத் தவிர வழியில்லை. கழித்தல் கணக்கு தப்பாகப் போனதில் வந்த வியர்வை அது என்று யாரிடம் சொல்வது?

அடுத்தடுத்த வாரங்களில் நன்றி குவிந்தது. ஒரு பாட்டுக்காரர் இந்தக் கையை இன்ஷ்யூர் செய்யச் சொன்னார். ஒரு கணக்கு வாத்தியார் அழுதார். அவரிடம்தான் கேட்கத் தோன்றியது அவளுக்கு, எழுபத்தொன்பதில் ஏழு போனால் எத்தனை சார் என்று. இருபத்திரண்டு வருஷம் துணி துவைத்து, கறை எடுத்து, கிருமி கொன்று மேலே அனுப்பியிருக்கிறாள். அதற்கு ஒருத்தராவது கீழே இறங்கி வந்து நன்றி சொன்னதுண்டா? செய்யாத வேலைக்கு மாலை மரியாதை, செய்த வேலைக்கு ஒன்றுமில்லை. முதலில் சிரிப்பாக வந்தது. பிறகு எரிச்சலாக வந்தது.

கண்டக்டர் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் கூட்டத்தில் கத்திப் பழகிய தொண்டை. அவர் மனைவி பேரப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைத் தைக்கக் கொடுக்கும் கடையில் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டார். அந்தத் தையல் கடை ஏழம்மாவின் அக்காவுடையது. அதே ஆஸ்பத்திரி, புருவத்தைச் சுருக்கி வாய்க்குள் முனகுகிற முகம் என்றதுமே அது தங்கைதான் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டு முன்னறைதான் கடை. இரண்டு தையல் மிஷின், சுவரில் அளவு எழுதிய காகிதங்கள், தலைக்கு மேல் நூல்கண்டு வைக்கும் மர அலமாரி. போன வருஷம், கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டியது இருபத்தெட்டு. க்ளாக்கோமா. வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தபிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தினமும் சாயங்காலம் ஒரு சொட்டு மருந்து, ஆயுசு முழுக்க. அக்கா போட்டாள். பதினேழுக்கு இறங்கியது. ஆனால் சொட்டுப் போட்டால் கண் எரிந்து சிவந்துவிடும். வருகிறவர்கள் எல்லாம் "என்னக்கா, அழுதீங்களா?" என்று கேட்பார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அழுகிற ஜாதி இல்லை அவள்.

"ஊரு பூரா கை வைக்கிற. கூடப் பொறந்தவளுக்கு வைக்கமாட்டியா?" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"அக்கா, அது ஆஸ்பத்திரி வேலை. வெளிய செய்யக் கூடாது."

"தலவலிடீ. ஒரு தடவ."

அன்றைக்கு வைத்திருக்கக் கூடாது. வைத்தாள். கண்மேல் இரண்டு நிமிஷம். அக்கா குறட்டை விட்டுத் தூங்கினாள். எழுந்து, "பத்து வருஷத் தூக்கத்த ஒண்ணாத் தூங்கினாப்ல இருக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிஷின் மிதிக்காமல் ஒருத்தி படுத்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஏழம்மா நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வைத்தாள். அதற்கடுத்ததும். அக்கா தூங்குவதைப் பார்க்க அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பாவாடைக்குக் கொக்கி தேடி மிஷின் இழுப்பறையைத் திறந்தவள், பாபின்களுக்கு நடுவே சொட்டு மருந்து புட்டியைப் பார்த்தாள். மூடி சீல் உடையவில்லை. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் உடையவில்லை. லேபிளில் தேதி போன மாதத்துக்கு முந்தின மாதம்.

"அக்கா, இது என்ன?"

"எது?"

"மருந்தே போடலையா நீ?"

"எதுக்குப் போடணும்? உன் கை பட்டதுலேர்ந்து கண்ணு காத்தாட்டம் இருக்கு. எரிச்சல் போச்சு, சிவப்புப் போச்சு."

"எரிச்சலும் சிவப்பும் மருந்தாலதானே வந்துச்சு! மருந்த நிறுத்தினா அது போகாம என்ன செய்யும்?"

"போச்சுல்ல? அதான் வேணும்."

"உள்ள அழுத்தம் ஏறினாத் தெரியாதுக்கா. வலிக்கவே வலிக்காது."

"இந்தா பாரு," என்று அக்கா ஊசியை எடுத்தாள். ஜன்னலுக்குக் காட்டினாள். எட்டாம் நம்பர் ஊசி. கறுப்பு நூல், ஒரே தடவை, கோர்த்தாகிவிட்டது. "கண்ணு போனவ கோர்க்கிற கோர்ப்பா இது?"

எழுந்த வேகத்தில், திறந்திருந்த அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். "சனியன், எவன் தொறந்து வச்சான்?" என்று கத்தினாள். உள்ளே வார மலரின் குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்த அத்தான் தலையைத் தூக்காமலே, "நீதான்" என்றார். அப்போதுதான் ஏழம்மா கவனித்தாள். அக்காவின் நெற்றியில் அந்த ஒரு வீக்கம் மட்டும் இல்லை. பழையது, மஞ்சளாகிப்போனது, இன்னும் இரண்டு இருந்தது.

"எத்தன தடவ இடிச்ச?"

"அந்தக் கதவு அப்படி. ஆணி லூசு."

உலகத்திலேயே ஏழம்மாவின் கையில் ஒன்றுமில்லை என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த ஒரே ஆள் ஏழம்மாதான். ஒன்றுமில்லாமல் இருப்பதற்கென்றே பயிற்சி எடுத்த கை. அந்தக் கையை நம்பி ஒருத்தி கண்ணை விடுகிறாள். அவளிடம் அதைச் சொல்லக் கூடாது என்று காகிதம்.

மறுநாள் மூன்றாவது மாடிக்குப் போனாள்.

"இன்னும் மூணு வாரம்தான். உறை பிரிச்சுடுவோம். அதுக்கப்புறம் ஊருக்கே சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"மூணு வாரம் மருந்தில்லாம இருந்தாக் கண்ணு என்ன ஆகும் டாக்டர்?"

டாக்டரம்மா கடிகாரத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். ஒரு படிவத்தை இழுத்து ஏதோ எழுதினார். "அக்காகிட்ட மட்டும் சொல்லுங்க. இன்னிக்கே. விதிய மீறினதா நானே எழுதிக்கிறேன்."

"இன்னொண்ணும் எழுதிக்குங்க."

"என்ன?"

"ஏழு ஏழாக் குறைக்கிறது எனக்குத் தண்ணி பட்ட பாடாயிடுச்சு. கொழாயத் தொறந்துவிட்ட மாதிரி அது பாட்டுக்கு ஓடுது. மனசு வேற எங்கேயோ போயிடுது. போன வாரம் ஒரு பெரியவருக்குக் கை வச்சப்ப, சீக்கிரம் நடக்கட்டும் இந்த மனுஷன்னு நெனைச்சுட்டேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தன பேருக்கு?"

"கடைசி இருபது இருக்கும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"முன்னாடி சொல்ல, நெனைக்கிறது தப்புன்னு எனக்கே மறந்துபோச்சு டாக்டர்."

மீதியுள்ளவர்களுக்குப் பதின்மூன்று பதின்மூன்றாகக் குறைக்கும்படி உத்தரவாயிற்று.

அன்று சாயங்காலமே அக்காவிடம் போட்டு உடைத்தாள். ஆய்வு, மூன்று கூட்டம், நகல் கை, கழித்தல் கணக்கு எல்லாவற்றையும். அக்கா கால்சட்டை ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்தாள்.

"அப்ப கண்டக்டருக்கு எப்படிக் கொறைஞ்சுது?"

"உச்சத்துல நிக்கிற வலி, சும்மா படுத்திருந்தாலே கொஞ்சம் எறங்கும்கா. அதோட ஒருத்தர் பக்கத்துல ஒக்காந்து இருபத்திநாலு நிமிஷம் மெதுவாத் தொட்டா யாருக்கும் கொஞ்சம் சுகமா இருக்கும். அது வலி. அவங்களே சொல்ற நம்பர். கண் அழுத்தம் அப்படி இல்ல. நீ சுகமா இருக்கன்னு அது எறங்காது."

"நீ நடிச்ச. சரி. நடிச்சே இவ்ளோ கொறைஞ்சுதுன்னா, நெசமாச் செஞ்சா?"

"அக்கா!"

"உனக்கே தெரியாம உன் கைல இருக்குடீ. இருக்கிறவங்க இல்லன்னுதான் சொல்வாங்க."

ஏழம்மா சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இருக்கிறது என்றால் இருக்கிறது. இல்லை என்றால் அடக்கம். இந்த வழக்கில் எந்த வக்கீல் ஜெயிப்பான்?

"சரி, என்னை விடு. மிஷின நம்புவியா? ஓரப் பார்வை டெஸ்ட் இருக்கு. போவோம்."

"பரீட்சைதானே? வர்றேன்."

பரீட்சை என்று அக்கா சொன்னபோதே ஏழம்மா உஷாராகியிருக்க வேண்டும்.

கண் பிரிவில், வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷின். மோவாயை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். ஏழம்மா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அரை மணி நேரம் கழித்து அக்கா, மெடல் வாங்கினவள் மாதிரி வந்தாள்.

"ஒண்ணு விடல."

"எல்லா வெளிச்சமும் தெரிஞ்சுதா?"

"தெரியறது என்ன? அது ஒவ்வொரு தடவயும் 'டிக்'குங்குது. டிக்குன்னா அமுக்கிட்டேன். முப்பது வருஷமா மிஷின் மிதிக்கிறேன், எனக்குத் தாளம் தெரியாதா?"

கண் டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளைஞர், பொறுமைசாலி. "அம்மா, இடையிடையே வெளிச்சம் காட்டாம சத்தம் மட்டும் குடுப்போம். நீங்க அப்பவும் அமுக்கியிருக்கீங்க. இத நம்ப முடியாது. ஆனா அழுத்தம் இருபத்தொம்போது இருக்கு. உடனே சொட்டு ஆரம்பிக்கணும். அடுத்த வாரம் திரும்ப டெஸ்ட்டுக்கு வாங்க."

"தப்பு எத்தன போட்டிருக்கு, தம்பி?"

"தப்பு ரைட்டுன்னு இல்லம்மா இதுல."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அக்காவுக்கு ஒரே பல்லவி. "தப்பே இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு." இருபத்தொம்போது? "முகத்துல காத்த ஊதி அளக்குறான். பயந்தா ஏறத்தான் செய்யும்." அடுத்த வாரம் டெஸ்ட்? "பாஸானவள எதுக்குத் திரும்ப எழுதச் சொல்றான்?" ஏழம்மா இரண்டடி முன்னால் போய் நடந்தாள். அக்கா பட்டனை அமுக்கியதற்கும் அவள் மூன்றாவது மாடியில் கை வைத்ததற்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டிலும் கை மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. இந்த நினைப்பு வேறு கூடவே வந்து எரிச்சலைக் கூட்டியது.

மூன்று வாரம் கழித்து உறை பிரிந்தது. அதுவரை ஏழம்மா எவ்வளவு கெஞ்சியும் அக்கா சொட்டும் போடவில்லை, டெஸ்டுக்கும் வரவில்லை. டாக்டரம்மாவின் அறையில் டீச்சர், ஏழம்மா, ஒரு கம்ப்யூட்டர். டீச்சர் கை வைத்தவர்களுக்குச் சராசரியாக இரண்டு புள்ளி குறைந்திருந்தது. ஏழம்மா கை வைத்தவர்களுக்கும் இரண்டு புள்ளி. சும்மா படுத்திருந்தவர்களுக்கு ஒன்றரை. வலி மாத்திரை சாப்பிட்ட அளவில் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. கழிக்காமல் நினைத்துவிட்ட அந்த இருபது பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே இரண்டுதான்.

"வித்தியாசம் இல்ல. அவ்ளோதான்," என்றார் டாக்டரம்மா. "பக்கத்துல ஒருத்தர் இருந்தாக் கொஞ்சம் ஆறுதல் கெடைக்குது. சக்தின்னு தனியா எதுவும் இந்த ஆய்வுல தெரியல."

டீச்சர் திரையிலிருந்த மூன்று எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பதினெட்டு வருஷம். கண் கலங்கியிருந்தது. பிறகு ஏழம்மா பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்தார். "எனக்கு மொதல் நாளே தெரியும். உங்களுக்குப் பொறவியிலயே இருக்கு. பயிற்சியே வேணாம்."

ஏழம்மா கையை இழுத்துக்கொண்டாள். "டீச்சர், எங்கக்கா இதே வார்த்தையச் சொல்லித்தான் கண்ணு மருந்த நிறுத்தியிருக்கா."

"ஐயோ, மருந்த நிறுத்தச் சொல்லி நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நானே பிரஷர் மாத்திர போடுறேன்."

"அப்ப வந்து சொல்லுங்க எங்கக்காகிட்ட. என் கைல ஒண்ணும் இல்லன்னு."

"மருந்து போடச் சொல்றேன். கைல இல்லன்னு எப்படிச் சொல்வேன்? எனக்குப் பொய் வராதும்மா."

ஏழம்மா டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மாதம், நூற்றைம்பது முழங்கால், இத்தனை காகிதம். உண்மை என்னவோ வெளியே வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கத்தான் இடமில்லை.

அன்றே வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அக்கா ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் அத்தான், கட்டத்தோடு.

"வா. தலையெல்லாம் பாரமா இருக்கு. கை வை," என்றாள் அக்கா.

"வைக்கிறேன்," என்றாள் ஏழம்மா. சண்டை போட்டே பழகிய அக்கா ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஆனா இன்னிக்குக் கண்ண மூட வேணாம். நீ பாட்டுக்கு ஊசியக் கோரு. அந்தக் கோர்ப்ப நானும் பாக்கணும்."

முதலில் அத்தானிடம் போனாள். "அத்தான், அந்தக் கட்டத்துல ஒரு எழுத்தையே பாத்துக்கிட்டு இருங்க. பின்னாடியிருந்து என் கை மேலேர்ந்து எறங்கும். தெரிஞ்ச ஒடனே சொல்லணும்."

"என்னம்மா வெளையாட்டு இது?"

"சொல்லுங்களேன்."

பின்னால் நின்று, விரல்களை ஆட்டியபடி, உச்சந்தலையிலிருந்து கையை மெல்ல முன்னால் இறக்கினாள். புருவத்துக்கு வந்ததும் அத்தான், "ந்தா, தெரியுது" என்றார். இன்னொரு தடவை. மறுபடியும் புருவம். சும்மா படுத்திருந்த மூன்றாவது கூட்டத்தை எதற்கு வைத்தார்கள் என்பது ஏழம்மாவுக்கு இந்த ஆறு மாதத்தில் நன்றாகவே புரிந்திருந்தது.

பிறகு அக்காவின் பின்னால் போய் நின்றாள். பன்னிரண்டில் முதல் இடம், தலை உச்சி.

"சூடு தெரியுதா?"

"ஜம்முனு தெரியுது," என்றாள் அக்கா, நூல் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டே. ஊசியை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். அவள் பார்வை ஊசிக் காதில் போய் நின்றது. முப்பது வருஷப் பழக்கம், அங்கிருந்து அசையாது.

ஏழம்மா கையை எடுத்தாள். எடுக்கும்போது தெரியவே கூடாது என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்த மாதிரியே. நெற்றிக்கு முன்னால், தோலில் படாமல், விரல்களை ஆட்டியபடி இறக்கினாள். இந்தக் கையில் 'டிக்' சத்தம் இல்லை. புருவம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கண் இமைக்கு நேராக. அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். தன்னையறியாமல் ஏழம்மாவுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. நூறு. தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. ஐந்து விரலும் ஆடிக்கொண்டே இருந்தன. முப்பத்தேழு. முப்பது. அத்தானின் சிரிப்பு நின்றது.

"கோர்த்தாச்சு!" என்றாள் அக்கா. "பாத்தியா? ஒரே தடவ. உன் கைச் சூடு தல மேலயேதானே இருக்கு?"

அத்தான் ஆடுகிற விரல்களையே பார்த்தார்.

"என்ன அப்படி மொறைக்கிறீங்க?"

அத்தான் வார மலரை மடித்துக் கீழே வைத்தார். எந்த வம்புக்கும் போகாத மனிதர். "கை உன் மூஞ்சிக்கு முன்னாடி இருக்கு," என்றார்.

அக்கா முகத்தைத் தூக்கினாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள். ஊசி தரையில் விழுந்தது.

"எப்ப எறங்கிச்சு?"

"நீ நூல நனைச்சப்பவே."

"எவ்ளோ நேரமா இருந்துச்சு?"

"நூறுலேர்ந்து ரெண்டு வரைக்கும் எண்ணிட்டேன்."

அக்கா தலையைத் திருப்பி, மேலே திறந்து கிடந்த அலமாரிக் கதவைப் பார்த்தாள். அதைப் பார்க்க அவள் முகத்தை முழுசாக நிமிர்த்த வேண்டியிருந்தது. நெற்றியைத் தடவிக்கொண்டாள். அழவில்லை. "அந்த இழுப்பறையத் தொற," என்றாள்.

ஏழம்மா சீலை உடைத்தாள். சொட்டு கண்ணில் விழுந்ததும் அக்கா, "எரியுதுடீ, பாவி" என்று திட்டினாள். மூன்று மாதத்தில் அக்காவின் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அதுதான்.

அடுத்த வாரம் டெஸ்டில், சத்தத்தைக் கேட்காமல் இருக்க அக்கா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு போனாள். அச்சடித்து வந்த காகிதத்தில் கண்ணுக்கு ஒன்றாக இருந்த இரண்டு வட்டத்திலும் மேல் பாதி கறுப்பு. இடது கண்ணில் கறுப்பு நடுப்புள்ளிவரைக்கும் எட்டிப் பார்த்தது. "போனது வராது. இருக்கிறத வச்சுக்கலாம், மருந்த விடாமப் போட்டா," என்றார் கண் டாக்டர். இதில் எவ்வளவு மருந்து போடாத அந்த மூன்று மாதத்தில் போனது என்று ஏழம்மா கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். பழைய டெஸ்ட் எதுவும் நம்பும்படி இல்லையே, எதோடு ஒப்பிட்டுச் சொல்வது என்று அவர் கையை விரித்தார். அந்தப் பதில் கிடைக்காத கேள்வி இன்னும் அவளோடுதான் இருக்கிறது.

அக்கா ஒரு நாள்கூடத் தவறாமல் சொட்டு விடுகிறாள். அலமாரிக் கதவை அத்தான் கழற்றியே வைத்துவிட்டார். எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்றுதான் ஏழம்மா நினைத்தாள், போன செவ்வாய்க்கிழமை துணி அறை வாசலில் கண்டக்டரின் மனைவி வந்து நிற்கும்வரை. கூட இன்னும் இரண்டு பெண்கள்.

"உங்கக்கா சொன்னாங்க. மிஷினே கண்டுபிடிக்காதத நீங்க கையாலயே கண்டுபிடிச்சீங்களாமே? மூஞ்சிக்கு நேரா கைய நீட்டினதும் உள்ள இருக்கிற வியாதி ஸ்கேன் மாதிரித் தெரிஞ்சுடுச்சாம். எனக்கு ரொம்ப நாளா ஈரல்ல ஒரு மாதிரி…"

இஸ்திரி மிஷின்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழம்மா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். ஆய்வு, மூன்று கூட்டம், நகல் கை, வித்தியாசம் இல்லை என்று வந்த முடிவு, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மூன்று பெண்களும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்கள். முடித்ததும் கண்டக்டரின் மனைவி பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னார்:

"பாரு, எவ்ளோ அடக்கம்."

"ஈரல் பிரிவு நாலாவது மாடி," என்றாள் ஏழம்மா. "லிஃப்ட் வேல செய்யல, படியில போங்க." அவர்கள் போகிற காலடிச் சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு விரிப்பை எடுத்து, எங்கே விட்டோம் என்று தெரியாமல், முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.